குளிர்காற்றைத் தேடிச் சென்ற குழாய்

மோட்டார் கார் வைத்திருப்பவர் எவரும் பெட்ரோல் கணக்கை மறப்பதில்லை. எவ்வளவு ஊற்றினோம், எவ்வளவு தூரம் ஓடிற்று என்பதை விரல் நுனியில் வைத்திருப்பர். ஆனால் அதே கார் உட்கொள்ளும் மற்றோர் உணவை எவரும் கணக்கில் வைப்பதில்லை. அதற்கு விலை இல்லை. அதை விற்கும் கடையும் இல்லை. அதுதான் காற்று.

ஒரு கிலோ பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. எடையை வைத்துப் பார்த்தால், கார் பெட்ரோலில் ஓடுகிறது என்பதைவிடக் காற்றில் ஓடுகிறது என்று சொல்வதே பொருந்தும். 2 லிட்டர் கொள்ளளவுள்ள நான்கடி இயந்திரம் ஒன்று நிமிடத்திற்கு 6,000 முறை சுழல்வதாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு சுழற்சிக்கு ஒரு முறை அது தன் வயிற்றை நிரப்பிக்கொள்கிறது. அப்படியானால் ஒரு நிமிடத்தில் 6,000 லிட்டர் காற்று! ஒரு சிறிய குளியலறையில் அடங்கும் காற்று முழுவதையும் அது ஒரே நிமிடத்தில் குடித்துவிடுகிறது. அதன் எடை சுமார் 7 கிலோ. அதனுடன் எரியும் பெட்ரோலோ அரைக் கிலோ அளவுதான்.

இவ்வளவு காற்றையும் கொண்டுவந்து சேர்ப்பது ஒரு குழாய். இயந்திரத்தின் மூக்கு என்று அதைச் சொல்லலாம். அந்த மூக்கை எங்கே வைப்பது, எப்படிப்பட்ட காற்றை அதற்குக் கொடுப்பது என்னும் கேள்வி, நூறாண்டுகளுக்கு மேலாகப் பொறியியல் மேதைகளையும் கொல்லைப்புறக் கொட்டகைகளில் கை கறுக்க உழைத்த இளைஞர்களையும் ஒருங்கே ஆட்டிவைத்திருக்கிறது. பணம் படைத்த தொழிற்சாலைகள் கற்க வேண்டிய பாடத்தைப் பணமில்லாத இளைஞர்கள் தகரத்தையும் ரப்பர் குழாயையும் கொண்டு முன்னதாகவே கற்றுக்கொண்ட வரலாறு அது.

வெப்பமும் காற்றின் கனமும்

காற்றைச் சூடாக்கினால் அது விரியும் என்பது பழைய அறிவு. பிரெஞ்சு அறிஞர் கியோம் அமோந்தோன் 1700ஆம் ஆண்டை ஒட்டிக் காற்றின் அழுத்தத்திற்கும் வெப்பத்திற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். 1787ஆம் ஆண்டை ஒட்டி ஜாக் சார்ல் அதே வழியில் சோதனைகள் செய்தார். ஆயினும் அவர் அவற்றை நூலாக வெளியிடவில்லை. 1802இல் கே-லுசாக் அவ்விதியைச் செம்மையாக நிறுவி வெளியிட்டபோது, தமக்கு முன் சார்ல் இதைக் கண்டறிந்தார் என்று பெருந்தன்மையுடன் குறிப்பிட்டார். அதனாலேயே அவ்விதி இன்றும் சார்லின் பெயரால் வழங்குகிறது.

அவ்விதியின் சாரம் எளியது. அழுத்தம் மாறாதிருக்குமானால், ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறும்போதும், 0 டிகிரியில் இருந்த பருமனில் 273இல் ஒரு பங்கு காற்று விரிகிறது. விரிந்த காற்று இலேசானது. ஒரு லிட்டர் இடத்தில் அடங்கும் பிராணவாயு அதனால் குறைந்துவிடுகிறது. சிலிண்டரின் பருமனோ மாறுவதில்லை. வயிறு அதே அளவுதான், சோறுதான் பொரியாகிவிட்டது!

வெளியில் 30 டிகிரியாக உள்ள காற்று, இயந்திர அறைக்குள் 60 டிகிரியாகிவிட்டால் அதன் அடர்த்தி நூற்றுக்கு 9 பங்கு குறைகிறது. இதைக் கொண்டு கார் தன் வலிமையில் 9 பங்கை இழந்துவிடும் என்று கணக்கிட்டுவிடக் கூடாது. குளிர்ந்த காற்றும் உள்ளே போகும் வழியில் சூடான உலோகச் சுவர்களைத் தொட்டுச் சிறிது வெப்பமடைந்தே சிலிண்டரை அடைகிறது. ஆதலின் பெட்ரோல் இயந்திரங்களின் வலிமையை வெப்பநிலைக்கேற்பத் திருத்திக் கணக்கிடும் வழக்கமான விதிகள், வெப்பநிலையின் வர்க்கமூலத்தையே எடுத்துக்கொள்கின்றன. அவ்வாறு பார்த்தால் இழப்பு நூற்றுக்கு ஏறத்தாழ நாலரைப் பங்கு. 100 குதிரைச் சக்தியுள்ள காருக்கு இது நான்கைந்து குதிரைகள். அன்றாடம் அலுவலகம் சென்று திரும்புபவருக்கு இது ஒரு பொருட்டே அன்று. பந்தயத்தில் ஓடுபவருக்கோ இதுவே வெற்றிக்கும் தோல்விக்கும் இடையிலுள்ள தூரம்.

சூடான காற்றை வேண்டிய காலம்

இப்படியிருக்க, தொடக்க காலத்துப் பொறியாளர்கள் சூடான காற்றையே விரும்பித் தேடினார்கள் என்றால் வியப்பாக இல்லையா? ஆயினும் உண்மை அதுதான்.

1886இல் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர வண்டிக்கு உரிமம் பெற்றபோது, அதில் பெட்ரோலின் மேற்பரப்பைத் தழுவிச் செல்லும் காற்று அதன் ஆவியை ஏந்திச் சென்றது. 1893இல் வில்ஹெல்ம் மேபாக் நுண்துளை வழியாகப் பெட்ரோலைக் காற்றில் தூவும் கார்புரேட்டரை உருவாக்கினார். ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்னும் இருவர் அதே ஆண்டில் அதையொத்த கருவிக்கு உரிமம் பெற்றனர். பின்வந்த கார்புரேட்டர்கள் யாவும் இந்த மரபில் வந்தவையே.

தூவப்பட்ட பெட்ரோல் ஆவியாக வேண்டுமானால் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது சுற்றியுள்ள காற்றிலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் கார்புரேட்டரின் கழுத்து கடுங்குளிர் அடைகிறது. ஈரம் மிகுந்த காற்றாக இருந்தால், வெளியில் பனிக்காலம் இல்லாதபோதும் உள்ளே பனிக்கட்டி படிந்து வழியை அடைத்துவிடும். பழைய விமானங்கள் சில நடுவானில் நின்றுபோனதற்கு இதுவே காரணம். போதாக்குறைக்கு, கார்கள் பெருகப் பெருக, விற்பனைக்கு வந்த பெட்ரோலும் எளிதில் ஆவியாகாத கனத்த எண்ணெயாக மாறிற்று.

ஆகவே 1908இல் வெளிவந்த ஃபோர்டு ‘மாடல் டி’ காரில் ஒரு தகரக் குழாய் பொருத்தப்பட்டிருந்தது. அது புகை வெளியேறும் சூடான இரும்புக் குழாயை ஒட்டிக் காற்றை இழுத்துக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோயிற்று. 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல் டி கார்கள் செய்யப்பட்டன. உலகின் சாலைகளில் அன்று ஓடிய கார்களில் மிகப் பல இவ்வாறு வேண்டுமென்றே சூடான மூச்சு விட்டவையே. வலிமை சிறிது குறைந்தாலும் வண்டி நிற்காமல் ஓடவேண்டும் என்பதே அன்றைய தேவை.

பெட்ரோலின் தரம் உயர்ந்து, கார்புரேட்டரும் திருந்திய பிறகே குளிர்காற்றின் அருமை வெளிப்பட்டது. அதை முதலில் உணர்ந்தவர்கள் வேகத்தின் மேல் பித்துக் கொண்டவர்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில், 1930களில் இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை வாங்கி மாற்றியமைத்து ஓட்டினார்கள். 1937இல் அவர்களுக்கென ஒரு சங்கமும் தோன்றிற்று. இயந்திரத்திற்குக் காற்றுச் செல்லும் வழியை அகலமாக்குவதே அவர்கள் கற்ற முதற்பாடம்.

சின்னஞ்சிறு ஆஸ்டினும் ஒரு தகடும்

மலிவு விலைப் பந்தயக் காரின் கதையில் தனியிடம் பெற்றது இங்கிலாந்தின் ஆஸ்டின் செவன். 1922இல் அறிமுகமான அந்தச் சின்னஞ்சிறு கார், விரைவிலேயே 747 கன சென்டிமீட்டர் இயந்திரத்தைப் பெற்றது. நடுத்தர மக்களும் கார் வாங்கலாம் என்னும் நிலையை அந்நாட்டில் ஏற்படுத்தியது அதுவே எனலாம். 1939இல் அதன் உற்பத்தி நின்றது. போர் முடிந்தபோது ஆயிரக்கணக்கான பழைய ஆஸ்டின்கள் குறைந்த விலைக்குக் கிடைத்தன. 1939இல் தோன்றிய 750 மோட்டார் கழகம், பணமில்லாதவரும் பந்தயத்தில் ஈடுபட வேண்டும் என்னும் நோக்குடன் அந்த இயந்திரத்தையே அடிப்படையாகக் கொண்டு பந்தய விதிகளை வகுத்தது.

அவ்வாறு ஈர்க்கப்பட்டவர்களில் ஒருவர் காலின் சாப்மன். 1928இல் பிறந்த அவர், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டமைப்புப் பொறியியல் பயின்றார். தம் காதலியின் பெற்றோர் வீட்டிலிருந்த ஒரு கொட்டகையில், 1948இல் பழைய ஆஸ்டின் செவன் ஒன்றைப் பிரித்துத் தம் முதற் காரைக் கட்டினார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ‘லோட்டஸ்’ பெயரைத் தாங்கிய முதல் வண்டி அதுவே.

ஆஸ்டின் செவனுக்கு ஒரு பிறவிக் குறை இருந்தது. சிலிண்டர்கள் நான்கு; காற்று உள்ளே புகும் வாயில்களோ இரண்டே. இரண்டு சிலிண்டர்கள் ஒரு வாயிலைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒட்டிப் பிறந்த இரட்டையருக்கு ஒரே மூக்கு இருந்தால் எப்படியோ அப்படி! பங்கிடும் இரு சிலிண்டர்களும் தக்க இடைவெளி விட்டு மூச்சு இழுத்திருந்தால் தொல்லை இல்லை. ஆனால் இயந்திரத்தின் சுழற்சி முறைப்படி, ஒன்று இழுத்து முடிக்கும் தறுவாயிலேயே அடுத்தது இழுக்கத் தொடங்கிவிடும். பிறகு நீண்ட நேரம் இரண்டும் சும்மா இருக்கும். இதனால் ஒன்றின் பங்கை மற்றொன்று பறித்துக்கொண்டது. நான்கு சிலிண்டர்களுக்கும் ஒரே அளவு உணவு கிடைக்கவில்லை.

1951இல் கட்டிய மூன்றாவது காரில் சாப்மன் இதற்கு ஒரு வழி கண்டார். காற்றைக் கொண்டுவரும் குழாயின் நடுவே ஒரு தகட்டை வைத்து, அது இயந்திரத்தின் வாயிலுக்குள்ளும் நீண்டு சென்று வழியை இரண்டாகப் பிரிக்குமாறு செய்தார். கார்புரேட்டரும் இரட்டைக் கழுத்து உடையது. வாயில்கள் இரண்டாகவே இருந்தன. ஆனால் காற்றுக்கு நான்கு தனி வழிகள் அமைந்துவிட்டன! செலவு என்று சொல்லத்தக்கதாக ஒன்றுமில்லை. வேண்டியிருந்தது ஒரு துண்டு உலோகமும், கோளாறு எங்கே என்று கண்ட கண்ணுமே.

விளைவு பெரிதாக இருந்தது. அவ்வகைப் பந்தயத்தில் அந்தக் காரை மற்றவர்கள் நெருங்கவே முடியவில்லை. கழகம் என்ன செய்தது? அவ்வாறு தகடு வைத்து வாயிலைப் பிரிப்பதை விதி வகுத்துத் தடை செய்துவிட்டது.

இது நியாயந்தானா என்ற கேள்வி அன்றே எழாமல் இருந்திருக்க முடியாது. ஏழைக்கு எட்டும் உத்தியைத் தடுப்பது ஏழைக்கென்றே ஏற்பட்ட கழகத்திற்கு அழகா என்று கேட்கலாம். ஆனால் மறுபக்கமும் உண்டு. அந்தத் தகட்டைச் சரியாகப் பொருத்துவதற்குக் காசு தேவையில்லை எனினும் கைத்தேர்ச்சி தேவை. எல்லாரும் அதைச் செய்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், புதிதாக நுழைபவன் வாயிற்படியிலேயே நின்றுவிடுவான். ஒருவனுடைய அறிவுக்குப் பரிசு கொடுப்பதா, பலருடைய நுழைவுக்கு வழி விடுவதா என்னும் சிக்கலில் கழகம் பின்னதைத் தேர்ந்தது. தடையால் சாப்மன் தேங்கிவிடவில்லை. 1952இல் லண்டனின் ஹார்ன்சி பகுதியில் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கி, அடுத்த பத்தாண்டுகளில் உலகப் பந்தயக் களத்தின் முன்வரிசையை அடைந்தார்.

வேலை நேரத்திற்குப் பின்

அட்லாண்டிக்கின் மறுகரையிலும் அதே ஆர்வம் வேறு வடிவில் எழுந்தது. டிட்ராய்ட் நகரில் கிரைஸ்லர் நிறுவனத்தில் பணிபுரிந்த இளம் பொறியாளர் சிலர் ‘ராம்சார்ஜர்ஸ்’ என்ற பெயரில் ஒரு குழு அமைத்தனர். பகலில் நிறுவனத்தின் வேலை. மாலையில் தங்கள் சொந்தக் காசில் சோதனை. 1949ஆம் ஆண்டுப் பழைய பிளிமத் கார் ஒன்றை எடுத்து, அதில் பெரிய இயந்திரத்தைப் பொருத்தினர். அதன் தலைமேல் ஒரு காற்றறையையும் அதிலிருந்து இறங்கும் நீண்ட குழாய்களையும் தாங்களே ஆக்கி வைத்தனர். இரும்புக் குழாய்களை இணைத்தவை ரப்பர்க் குழாய்த் துண்டுகள். பார்ப்பதற்கு அவலட்சணமான அந்த வண்டி 1959இல் டிட்ராய்டில் நடந்த தேசிய நேர்வழிப் பந்தயத்தில் ஓடி அனைவரையும் திரும்பிப் பார்க்கவைத்தது.

குழாயின் நீளத்தில் என்ன மாயம்? காற்று வெறும் ஓட்டமன்று. அது அலையும் ஆகும். வால்வு திறந்து மூடும்போது குழாய்க்குள் அழுத்த அலை எழுந்து ஒலியின் வேகத்தில் ஓடித் திரும்புகிறது. திரும்பும் அலை வால்வு மூடுவதற்குச் சற்று முன் வந்து சேருமாறு நீளத்தை அமைத்துவிட்டால், அது இன்னும் கொஞ்சம் காற்றை உள்ளே தள்ளிவிடும். நாகசுரத்தின் நீளம் அதன் சுருதியைத் தீர்மானிப்பது போல, குழாயின் நீளம் எந்த வேகத்தில் இயந்திரம் நன்கு மூச்சு விடும் என்பதைத் தீர்மானிக்கிறது. கிரைஸ்லர் நிறுவனமும் இவ்வறிவைப் பயன்படுத்தி, 1960இல் ‘300 எஃப்’ காரில் 30 அங்குல நீளக் குழாய்களை இயந்திரத்தின் குறுக்கே ஓடவிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது.

தொழிற்சாலை கற்ற பாடம்

1960களில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் குளிர்காற்றுக்காகச் செய்தவற்றைப் பார்த்தால், கொட்டகையில் செய்த வேலைக்கும் ஆலையில் செய்த வேலைக்கும் வேறுபாடே இல்லையோ என்று தோன்றும். 1964இல் ஃபோர்டு உருவாக்கிய ‘தண்டர்போல்ட்’ காரில் முன்விளக்குகள் நான்கில் உட்புறம் இருந்த இரண்டை எடுத்துவிட்டனர். அந்தத் துளைகளில் கம்பி வலை அடித்து, அங்கிருந்து பெரிய குழாய்கள் வழியாகக் காற்றைக் கார்புரேட்டர்களுக்குக் கொண்டுபோயினர். கண்ணைக் கொடுத்து மூக்கை வாங்கியது அந்தக் கார்!

பான்டியாக் நிறுவனத்தின் ‘ஜி.டி.ஓ.’ காரின் முன்மூடியில் காற்றுப் புகுவது போன்ற ஒரு மேடு இருந்தது. அது வெறும் அலங்காரம், அடைபட்டது. 1965இல் அதைத் திறந்து, கார்புரேட்டரைச் சுற்றி ஒரு தட்டு வைத்து, நுரைப்பஞ்சால் இடைவெளியை அடைப்பதற்கான சிறு தொகுப்பை நிறுவனம் விற்கத் தொடங்கிற்று. பொய் மூக்கு அன்று மெய் மூக்காயிற்று. 1966இல் ஓல்ட்ஸ்மொபில் ‘டபிள்யூ-30’ என்னும் அமைப்பில் முன்பக்கத்திலிருந்து இரண்டு பருத்த குழாய்கள் காற்றைக் கொண்டுவந்தன. அவற்றுக்கு இடம் வேண்டிப் பாட்டரியைக் காரின் பின்பெட்டிக்கு மாற்றினார்கள். கண்ணாடியின் அடிவாரத்தில் காற்று மோதித் தேங்குவதால் அங்கு அழுத்தம் சற்று மிகும் என்பதைக் கண்ட செவ்ரலே, அவ்விடத்திலிருந்து காற்றை எடுத்தது.

இங்கு ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். கார் வேகமாக ஓடும்போது காற்று தானாகவே குழாய்க்குள் திணிக்கப்பட்டு வலிமை பெருகும் என்று பலர் எண்ணுவர். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் காற்றின் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தில் நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. 200 கிலோமீட்டரில் இரண்டு பங்கை நெருங்குகிறது. சாதாரணச் சாலை வேகங்களில் இதனால் பெரும்பயன் இல்லை. பயன் தருவது காற்றின் குளிர்ச்சியே. முன்மூடியின் மேல் எழும் கம்பீரமான திறப்பைவிட, வெப்பம் அண்டாத ஒரு மூலையிலிருந்து அமைதியாகக் காற்றை எடுத்துவரும் குழாயே மேலானது.

மீண்டும் சூடான காற்று

வரலாற்றுச் சக்கரம் சுழன்று பழைய இடத்திற்கே வந்தது. நகரங்களின் வானத்தைப் புகை மூடியது. அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டுக் கார்களுக்கு முதல் நாடு தழுவிய புகைக் கட்டுப்பாடு வந்தது. 1970இல் தூய காற்றுச் சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது. குளிர்ந்த இயந்திரம் பெட்ரோலை அரைகுறையாக எரித்துக் கக்கும் நச்சைக் குறைக்க வேண்டியிருந்தது. ஆகவே, புகைக்குழாயை ஒட்டிச் சூடான காற்றை எடுக்கும் வழக்கம் திரும்பி வந்தது. ஆனால் இம்முறை ஒரு சிறு கதவும் சேர்ந்தது. இயந்திரம் சூடேறும் வரை அக்கதவு சூடான காற்றை விடும். பின்பு தானே திரும்பிக் குளிர்காற்றுக்கு வழிவிடும். மாடல் டியின் தகரக் குழாய் அறுபது ஆண்டுகள் கழித்துச் சற்று அறிவு பெற்று மறுபிறவி எடுத்ததெனலாம்.

கார்புரேட்டரை நீக்கி மின்முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் ஏற்பாடு, 1967இல் பாஷ் நிறுவனத்தாரால் ஃபோக்ஸ்வாகன் காரில் புகுத்தப்பட்டுப் பின் எங்கும் பரவியது. பெட்ரோல் வால்வின் அருகிலேயே தெளிக்கப்பட்டதால் குழாயில் பனி படியும் தொல்லை ஒழிந்தது. தொழிற்சாலைகள் தாமாகவே முன்வலையின் பின்னிருந்தோ சக்கர மறைப்பின் உள்ளிருந்தோ குளிர்காற்றை எடுக்கத் தொடங்கின. பந்தயக்காரன் தேடியது எல்லாருடைய காரிலும் சந்தடியின்றி வந்து அமர்ந்தது.

வீட்டில் செய்யும் குழாய்

ஆயினும் கொட்டகைக் கைவினை அழியவில்லை. 1989இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் ‘எம்.எக்ஸ்-5’ என்னும் இருவர் அமரும் சிறிய விளையாட்டுக் காரை வெளியிட்டது. பழைய ஆங்கிலச் சிறு கார்களின் இன்பத்தை நம்பகமான வடிவில் தந்த அந்தக் கார், காலம் செல்லச் செல்லப் பழைய கார்ச் சந்தையில் மலிந்தது. ஒரு காலத்தில் ஆஸ்டின் செவன் வகித்த இடத்தை அது பெற்றது. கடையில் விற்கும் குளிர்காற்றுக் குழாய்த் தொகுப்புகளின் விலையைக் கண்டு மலைத்தவர்கள், வீட்டுத் தண்ணீர்க் குழாய், வளைவுத் துண்டு, ரப்பர் இணைப்பு, இறுக்குப் பட்டை, அலுமினியத் தகடு ஆகியவற்றைக் கொண்டு தாமே செய்துகொள்ளலாயினர்.

செய்முறையின் தத்துவம் மூன்றே. முதலாவது, வடிகட்டி இருக்கும் இடம் வெளிக்காற்றோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். இரண்டாவது, அதற்கும் இயந்திரத்திற்கும் இடையே வெப்பம் தாக்காதபடி ஒரு தடுப்புச் சுவர் வேண்டும். மூன்றாவது, குழாய் அகலமாகவும் உட்புறம் வழவழப்பாகவும், வளைவு குறைந்தும் இருக்க வேண்டும். இம்மூன்றில் இரண்டாவதையே பலர் விட்டுவிடுகின்றனர். தொழிற்சாலை வைத்த பெட்டியை எறிந்துவிட்டு, கூம்பு வடிவ வடிகட்டியை இயந்திர அறையில் திறந்தபடி மாட்டிவிடுகின்றனர். உடனே இயந்திரம் உறுமுகிறது; ஓட்டுபவரின் உள்ளம் குளிர்கிறது. ஆனால் இயந்திரம் குடிப்பதோ ரேடியேட்டரையும் புகைக்குழாயையும் தழுவி வந்த சூடான காற்று. ஒலி கூடியது, வலிமை குறைந்தது. உறுமலை வலிமை என்று நம்பிப் பணத்தை இழந்தவர்கள் பலர்.

உண்மையைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. மலிவான வெப்பமானி ஒன்றைக் குழாய்க்குள்ளும் மற்றொன்றைக் காருக்கு வெளியிலும் வைத்து ஓட்டிப் பார்த்தால் போதும். ஓடும்போது இரண்டிற்கும் வேற்றுமை நாலைந்து டிகிரியாக இருந்தால் குழாய் தன் கடமையைச் செய்கிறது. இருபது முப்பது டிகிரியாக இருந்தால் செய்தவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார்.

கவனிக்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. சாதாரண பி.வி.சி. குழாய் 80 டிகிரியை நெருங்கும்போது இளகிவிடும். அதைப் புகைக்குழாய்க்கு அருகில் கொண்டுசெல்லலாகாது. முதல் எம்.எக்ஸ்-5 காரில் உள்ளே வரும் காற்றை அளக்க ஒரு மடல் கொண்ட அளவி இருந்தது. அந்த அளவி வடிகட்டிக்குப் பின்தான் இருக்க வேண்டும். அதற்கும் இயந்திரத்திற்கும் இடையிலுள்ள குழாயில் ஊசித்துளை அளவு ஓட்டையும் இருக்கக் கூடாது. இருந்தால் அளவிக்குத் தெரியாத காற்று உள்ளே புகுந்து, பெட்ரோல் கணக்குப் பிசகிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து தண்ணீர். குளிர்காற்றைத் தேடிக் குழாயைத் தாழ்வாக இறக்கிவிட்டால், மழை வெள்ளத்தில் அது தண்ணீரை உறிஞ்சிவிடும். காற்றை அழுத்தலாம், தண்ணீர் அழுந்தாது. மேலெழும் பிஸ்டன் அந்த நீரில் மோதும்போது அதைத் தாங்கும் இரும்புத் தண்டே வளைந்துபோகும். சில வெள்ளிகளை மிச்சம் பிடிக்கச் செய்த வேலை இயந்திரத்தையே விழுங்கிவிடும். தொழிற்சாலைப் பொறியாளர்கள் குழாயின் வாயை உயரத்தில், நெளிவான வழியில் வைத்தது அறியாமையால் அன்று என்பது அப்போதுதான் விளங்கும்.

சட்டமும் குறுக்கே நிற்பதுண்டு. கலிபோர்னியா மாநிலத்தில் அரசின் சோதனையில் தேறி ஒப்புதல் எண் பெறாத உட்குழாயைச் சாலைக் காரில் மாட்ட இயலாது. இயந்திரம் விடும் மூச்சே மக்கள் இழுக்கும் மூச்சாகிறது என்பதே இதன் அடிப்படை.

வெப்ப நாட்டுப் பந்தயப் பாதை

குளிர்காற்றின் அருமை குளிர்நாட்டாரைவிட வெப்பநாட்டாருக்கே நன்கு தெரியவேண்டும். 1961இல் சிங்கப்பூரின் தாம்சன் சாலையில், ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர் சுற்றுள்ள பாதையில் முதல் சிங்கப்பூர் கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. அதில் ஆஸ்டன் மார்ட்டின் காரில் இயன் பார்ன்வெல் வென்றார். பின்வந்த ஆண்டுகளில் அங்கு வென்ற கார்களில் சில, கொட்டகையில் பிறந்த அந்த லோட்டஸ் மரபைச் சேர்ந்தவை. 1973 வரை அப்பந்தயம் அந்தப் பாதையில் நடந்தது.

அங்கு ஓடிய இயந்திரங்கள் இங்கிலாந்தில் குடித்த காற்றையே இங்கும் குடிக்கவில்லை. 15 டிகிரியில் பழகிய இயந்திரம் 32 டிகிரிக்கு வரும்போது, காற்றின் அடர்த்தி நூற்றுக்கு ஐந்தாறு பங்கு குறைகிறது. அத்துடன் நம் காற்று ஈரம் நிறைந்தது. 32 டிகிரியில் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருந்தால், காற்றின் அழுத்தத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு நீராவியினுடையது. இங்கிலாந்தின் மிதமான நாளில் அது ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். நீராவி எரிய உதவாது. பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. இயற்கை விதித்த இந்த வரியை எந்தக் குழாயும் தள்ளுபடி செய்யாது. குழாயால் செய்யக்கூடியது ஒன்றே: வெளியிலுள்ள காற்றை அதற்கு மேலும் சூடாக்காமல் இயந்திரத்திடம் சேர்ப்பது. வெளிக்காற்றைவிடக் குளிர்ந்த காற்றை எந்த வெறுங்குழாயும் தந்துவிட முடியாது.

ஆகவே வீட்டில் செய்த குழாயிடமிருந்து எதிர்பார்க்க வேண்டியது அளவானது. இழந்துகொண்டிருந்த நான்கைந்து பங்கை அது மீட்டுத் தரும். தொழிற்சாலை ஏற்கெனவே நன்றாகச் செய்திருந்தால் அதுவும் கிடைக்காது. காரைப் பிரிக்கும் முன் அந்த இரண்டு வெப்பமானிகளை மாட்டிப் பார்ப்பவருக்கு, குழாய் செய்ய வேண்டுமா, வேண்டாமா என்பது செலவின்றித் தெரிந்துவிடும். 1951இல் சாப்மன் வைத்த தகடும், 1959இல் டிட்ராய்டு இளைஞர்கள் மாட்டிய ரப்பர்த் துண்டும் மலிவானவை என்பதற்காக வெல்லவில்லை. காற்று எங்கே தடைபடுகிறது, எப்படி ஓடுகிறது என்பதை அறிந்த பின் அவர்கள் கை வைத்தார்கள். அந்த அறிவைக் கடையில் விலை கொடுத்து வாங்க முடியாது. தேடிப் பெறுபவனுக்கு அது காற்றைப் போலவே இலவசமாகக் கிடைக்கிறது.